இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டி

லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டோம் என்று நினைக்கும்போதுதான் கடையில் அடுத்த வியாபாரம் ஆரம்பமாகும்.

ஈரோட்டில் ஒரு பெரிய ஷோரூம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கும் ஒரு மாணவியும், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அவளுடைய அப்பாவும் அரை நாள் அலைந்து 46,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப்பை முடிவு செய்துவிட்டார்கள். பில் போடும் இடத்தில் கடைப் பையன் சொன்னான்:

"அண்ணா, கம்பெனி வாரண்டி ஒரு வருஷந்தானுங்க. அப்புறம் மதர்போர்டு போச்சுன்னா 14,000 ரூபா ஆயிரும். இப்ப 4,200 கட்டிட்டீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்லீங்க."

4,200 ரூபாய் என்பது அவருடைய ஒரு வாரக் கூலிக்கும் மேலே. ஆனாலும் 14,000 என்ற எண் அவரைப் பயமுறுத்திவிட்டது. கை சட்டைப்பைக்குப் போனது. "போட்டுரலாமா கண்ணு?" என்று மகளைக் கேட்டார்.

மகளுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டு ஃபிரிட்ஜ்தான் அவள் நினைவுக்கு வந்தது.

சில வருடங்களுக்கு முன் அந்த ஃபிரிட்ஜுக்கும் இதே மாதிரி கூடுதல் வாரண்டி வாங்கினார் அப்பா. அதன் கம்ப்ரெஸருக்குக் கம்பெனியே 10 வருட வாரண்டி கொடுத்திருந்தது அப்போது அவருக்குத் தெரியாது. மூன்றாவது வருடம் கதவு ரப்பர் பிய்ந்தபோது, ரப்பர் திட்டத்தில் வராது என்றார்கள். அதன் பிறகு கேஸ் லீக். அதற்குப் போனால் பில் கேட்டார்கள். பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்! சூட்டில் எழுத்து வரும் தெர்மல் தாளில் அச்சடித்த பில் நாளாக நாளாக மங்கிப் போகும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "நாந்தான் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கணும்" என்று அப்பா தன்னையே திட்டிக்கொண்டார். தப்பு அவருடையது மட்டும்தானா?

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது கிட்டத்தட்ட ஒரு இன்சூரன்ஸ். பலரிடம் பணம் வாங்கி, ரிப்பேர் ஆன சிலருக்குச் செலவு செய்வார்கள். நடுவில் நிர்வாகச் செலவு, லாபம், விற்ற கடைக்குக் கமிஷன் எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே போக வேண்டும். அதனால் மொத்தமாகப் பார்த்தால் வாங்குபவர்கள் கட்டிய பணத்தைவிடக் குறைவாகத்தான் அவர்களுக்குத் திரும்பி வரும். சில பேருக்கு லாபம் கிடைக்கலாம். எல்லோருக்கும் கிடைக்காது.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 10 பேர் 4,200 ரூபாய் கட்டினால் 42,000. மதர்போர்டு மாற்ற 14,000. அப்படியென்றால், அந்த இரண்டு வருடத்துக்குள் 10 லேப்டாப்பில் 3 லேப்டாப்பின் மதர்போர்டு போனால்தான் கட்டிய பணத்துக்குச் சமம். ஒரு நல்ல லேப்டாப் அவ்வளவு மோசமாகவா இருக்கும்?

எலக்ட்ரானிக் பொருட்கள் பழுதாகும் விதத்தை இன்ஜினியர்கள் குளியல் தொட்டி வடிவத்தில் வரைந்து காட்டுவார்கள். தயாரிப்பில் குறை இருந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிவிடும். அப்போது கம்பெனி வாரண்டி கையில் இருக்கும். பல வருடம் உழைத்துத் தேய்ந்த பிறகு மறுபடி பழுது அதிகமாகும். நடுவில் இருப்பது தொட்டியின் அடிப்பாகம், அங்கே பழுது குறைவு. கூடுதல் வாரண்டி விற்கப்படுவது பெரும்பாலும் இந்த நடுப்பகுதிக்குத்தான்.

இதையெல்லாம் பில் கவுண்டரில் நின்றுகொண்டு யாரால் யோசிக்க முடியும்? பிரிட்டனில் இதற்காகவே 2003ல் போட்டி ஆணையம் விசாரணை நடத்தி, 2005ல் ஒரு ஆணையும் வந்தது. வாரண்டி விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அதே விலையை 30 நாள் வரை தர வேண்டும். வாங்கியவர் 45 நாளுக்குள் வேண்டாம் என்றால், இடையில் எதுவும் க்ளெய்ம் செய்யாதவரை முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். வாங்குபவருக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள விஷயம்.

ஈரோட்டில் அந்த மாணவி கேட்டதும் அந்த நேரத்தைத்தான். "அண்ணா, இதுல என்னென்ன வராதுன்னு எழுதின பேப்பர் இருக்குங்களா?"

பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு மொபைலில் தேடி எடுத்துக் கொடுத்தான். கீழே விழுந்து உடைந்தால் வராது. தண்ணீர், டீ கொட்டினால் வராது. பேட்டரி வராது. சார்ஜர் வராது. தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே காலேஜ் போகப் போகும் ஒருத்தியின் லேப்டாப்புக்கு எது நடக்க வாய்ப்பு அதிகமோ, அத்தனையும் "வராது" பட்டியலில் இருந்தது. விழுந்து உடைவதற்குத் தனியாக இன்னொரு திட்டம். அதற்கு விலை இன்னும் அதிகம்.

"இப்ப வேண்டாம் தம்பி" என்றார் அப்பா. பில்லை மட்டும் அங்கேயே மொபைலில் படம் எடுத்துக்கொண்டாள் மகள். மறுநாள் அதே 4,200 ரூபாய் போஸ்ட் ஆபீஸ் கணக்குக்குப் போனது.

இருபதாவது மாதம் பஸ்ஸில் பை கீழே விழுந்தது. ஸ்கிரீனில் விரிசல். மாற்ற 6,500 ரூபாய். கணக்கில் இருந்ததை எடுத்தது போக, மீதி 2,300க்கு அந்த மாதம் வீட்டில் நிறையவே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தை வாங்கியிருந்தால் 4,200ம் போயிருக்கும், 6,500ம் கைக்காசாகவே போயிருக்கும்.

மதர்போர்டு போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதும் உண்மை. திடீரென 14,000 ரூபாய் புரட்டவே முடியாது, லேப்டாப் இல்லாவிட்டால் படிப்போ வேலையோ நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவர் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது வாரண்டி வாங்குவதில் தவறில்லை. அவரும் "வராது" பட்டியலைப் படித்த பிறகு வாங்கினால் போதும். அதுவும் அன்றைக்கே வாங்க வேண்டும் என்பதில்லை. முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டித்துக்கொள்ளப் பல லேப்டாப் கம்பெனிகளே விடுகின்றன. சில கம்பெனிகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் மட்டுமே விடும், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்கிரீன் மாற்றிய அன்று, "அன்னைக்கே வாரண்டி போட்டிருக்கலாமோ?" என்று அப்பா ஒரு முறை கேட்டார். மகள் அந்தப் பட்டியலை மறுபடியும் எடுத்துப் படித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவர் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.