அம்மாவின் அறைக்கு ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலே மின்விசிறியின் கீழ் அமர்ந்து, ஒரு வீட்டை எவ்வாறு சூடாக்கலாம் என்று கணக்குப் போட்டவன் நான் ஒருவனாகவே இருத்தல் கூடும். அப்பணியை என்மேற் சுமத்தியவன் என் தம்பி. நோர்வே நாட்டிலே, ஒஸ்லோ நகருக்குப் புறத்தே, அவன் புதுவீடு கட்டத் தொடங்கியிருக்கிறான். எங்கள் தாயார் அவனுடனேயே வசிக்கிறார்.

"அண்ணை, நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறனீங்கள், வெப்பப் பம்பி எவ்வளவு பெரிதாக வாங்கலாம்?" என்று தொலைபேசியிற் கேட்டான்.

"பெரிதாகவே வாங்கு. பனி நாட்டிலே குறைந்து போனாற்றான் ஆபத்து" என்றேன். அவனும் 12 கிலோவாற்று இயந்திரம் ஒன்றுக்கு விலை பேசிவிட்டான். கணக்கைச் செய்த பின்னரே விடையைச் சொல்ல வேண்டும் என்று வகுப்பிலே நாள்தோறும் கண்டிக்கின்ற நான், அன்று கணக்கைத் தொடவேயில்லை. இரவு நித்திரை வராமற் போகவே, எழுந்து கடதாசியை எடுத்தேன்.

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு வெப்பப் பம்பி புதுமையன்று. பெட்டியினுள்ளிருந்து வாரிய வெப்பம் பின்புறத்தால் வெளியேறுகிறது. பனி மூடிய முற்றத்தைப் பெட்டியின் உட்புறமாகவும், வீட்டை அதன் பின்புறமாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். உறைபனிக் காற்றில் வெப்பம் ஏது என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. இவ்வியந்திரங்கள் சிலவற்றில் ஓடுகின்ற புரொப்பேன் சாதாரண அமுக்கத்தில் -42 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு -10 பாகைக் காற்றும் அடுப்புத்தான்! ஆவியான அதனை அமுக்கி நெருக்கும்போது அது மேலும் சூடேறி, வீட்டு நீருக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாக ஒடுங்குகிறது. இங்ஙனம் ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பத்தைப் பெறலாம். இவ்வழி உண்டென்று கெல்வின் பிரபு 1852 இலேயே காட்டியிருந்தார். சூரிச் நகர மண்டபத்தை 1938 இல் லிம்மற் ஆற்று நீரின் வெப்பத்தைக் கொண்டே சூடாக்கினார்கள்.

ஏற்ற வேண்டிய உயரம் குறையக் குறையச் செலவும் குறையும். வெளியே -10 பாகையாயிருக்க, சுவரிலுள்ள சூடாக்கிகளுக்கு 55 பாகை நீர் வேண்டுமெனின், கார்னோவின் விதிப்படி மிகக் கூடிய ஆதாயம் 5 மடங்கு. நிலத்தின் கீழ்க் குழாய்களில் 35 பாகை நீர் ஓடினாற் போதுமெனின் அது 6.8 மடங்கு. உண்மை இயந்திரம் இதிற் பாதியளவே தருமாயினும், எது நன்று என்பதில் ஐயமில்லை.

அடுத்து வீட்டின் வெப்ப இழப்பு. சுவர், கூரை, மூவடுக்குக் கண்ணாடி யன்னல், காற்றோட்டம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பரப்பு 140 சதுர மீற்றர். வெளியே -20, உள்ளே 20 பாகை. விடை 5 கிலோவாற்றைச் சற்றே தாண்டியது. எனக்கு வியர்த்தது, வெயிலினாலன்று. 12 கிலோவாற்று இயந்திரம் அவ்வீட்டிலே சிறிது நேரம் ஓடுவதும் நிற்பதும் மீண்டும் ஓடுவதுமாகத் தேய்ந்து போகும். ஒருபிடி அரிசிக்கு அன்னதானக் கிடாரத்தை அடுப்பேற்றச் சொல்லிவிட்டேன். 6 கிலோவாற்றே போதும். கடுங்குளிர் மிஞ்சுகின்ற சில இரவுகளுக்கு அதனுள்ளேயே மின்சுருள் உண்டு.

தவறை ஒப்புக்கொண்டு வீட்டுப் படத்தை அனுப்பச் சொன்னேன். அதைப் பார்த்தபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. மண்டபத்திலும் அறைகளிலும் நிலக்குழாய்கள் வரையப்பட்டிருந்தன. அம்மாவின் அறையில் மட்டும் இல்லை. செலவு ஏறியமையால், அங்கே சிறு மின் சூடாக்கி வைக்கலாமென எண்ணினானாம். அச்செலவை ஏற்றியது எனது 12 கிலோவாற்று! வெளி இயந்திரமும் அவரது யன்னலின் கீழேயே இருந்தது.

அம்மா விடிய 4 மணிக்கு எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு தேவாரம் ஓதுபவர். மண்டபத்துச் சூடு மூடிய கதவைக் கடந்து போதியளவு வராது. இயந்திரத்தின் இரைச்சலோ வரும். அன்றியும், ஈரக் குளிரிலே வெளிச்சுருளில் உறைபனி படியும். அதை இயந்திரமே இடையிடையே உருக்கும். வடிகின்ற நீர் நடைபாதையிற் பனிக்கட்டியானால் முதியவர் கால் என்னாகும்? இயந்திரத்தை வாகனக் கொட்டிலின் பக்கம், பனிக்கு மேலே உயர்த்தி, வடிகாலுடன் வைக்கச் சொன்னேன். சிறிய இயந்திரத்தால் மிஞ்சிய பணம் அம்மாவின் அறைக் குழாய்களுக்குப் போதுமாயிற்று. கொங்கிறீற்று இடுவதற்கு இரண்டு கிழமைகளே இருந்தன.

தம்பி சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தான். நோர்வேக்குப் போன நாளிலிருந்து அவர் கதிரையில் இருந்தே சாமி கும்பிடுகிறார். நிலம் அவ்வளவு குளிராம். கார்னோவையும் கெல்வினையும் அவருக்கு விளக்க முயன்றேன். அவர் இடைமறித்தார்.

"உதெல்லாம் இருக்கட்டும் மோனை. நிலத்திலை பாயைப் போட்டு இருக்கலாமோ?"

"இருக்கலாம், அம்மா" என்றேன்.