சொந்தத் தபாலாபீசு

அக்கா பதினோரு வருஷமாய் எழுதிய மின்கடிதங்கள் ஒரே நாளில் போயின. இலவசமாய் இடம் கொடுத்திருந்த கம்பெனி என் கணக்கை மூடிவிட்டது. ஏன் என்று கேட்க ஆளில்லை. அக்காவோ அனுப்பியதை அவ்வப்போது துடைத்துவிடுகிறவள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனித் தபாலாபீசை நாமே நடத்துவோம்!

வீட்டு இணைப்பில் 25-ஆம் எண் வாசலை அடைத்திருந்தார்கள். ஆகவே எங்கோ ஒரு சிறு கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்து, லினக்ஸின் மேல் போஸ்ட்ஃபிக்ஸை ஏற்றினேன். 1998-ல் வீட்சே வெனிமா என்பவர் வெளியிட்டது அது. எதிர்வீட்டார் கதவைத் திறக்காவிட்டால், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் வரை தட்டிப் பார்க்கும். எங்கள் தெருத் தபால்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முதல் கடிதம் அக்காவுக்கு. பதிவேட்டில் 'சேர்ந்தது' என்றே இருந்தது. மூன்று நாளாகியும் பதிலில்லை. உடம்புக்கு ஏதோ என்று மனம் அடித்துக்கொண்டது. நாலாம் நாள் டெலிபோன்.

"ஏண்டா, உன் கடுதாசி குப்பையிலே கிடக்கிறதே!"

தேடிப் பார்த்தேன். எண் முகவரியைக் கேட்டால் பெயரைத் திருப்பிச் சொல்லும் பதிவை நான் வைக்கவே இல்லை. பெயரில்லாதவனை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அன்றிரவே சரிசெய்தேன்.

மறுநாள் அக்காவின் பதில் வந்தது. இரண்டே வரி. மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.