வீட்டுக் கணினியும் விடுதி மாணவனும்

மறதி மாணவருக்கு உடன்பிறந்த நோய் என்பர். அந்நோயால் யான் ஓரிரவு பட்ட பாட்டை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பற்றி யான் எழுதிய கட்டுரை மறுநாட் காலையிற் பேராசிரியரிடம் சேரவேண்டும். அதுவோ நூறு கல்லுக்கு அப்பால் எங்கள் வீட்டுக் கணினியிலே கிடந்தது. எப்பெயரால் எங்கு வைத்தேன் என்பதும் நினைவில்லை. ஆயினும் கலங்கினேனில்லை. விடுமுறையில் அக்கணினியில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை அமைத்து, மாடியறையில் இருந்தவாறே கீழறைக் கணினியை என் மடிக்கணினியால் இயக்கி மகிழ்ந்தவன் யானன்றோ!

விடுதியிலும் அதே முகவரியைத் தட்டினேன். இணைப்புக் கிட்டவில்லை. மும்முறை முயன்ற பின்னரே பிழை புலனாயிற்று. 192.168 என்று தொடங்கும் அம்முகவரி வீட்டிற்குள் மட்டுமே செல்லுவது. ஊரும் தெருவும் எழுதாது, 'கீழறை' என்று மட்டும் எழுதித் தபாலிலிட்ட கடிதம் யாரைச் சென்று சேரும்?

வீட்டு ரூட்டரில் 3389 என்னும் வாயிலை வெளியுலகிற்குத் திறந்துவிடின் வழி பிறக்கும் என்றார் அடுத்த அறை நண்பர். ரிமோட் டெஸ்க்டாப்பிற்குரிய அவ்வாயிலைக் கள்வர் யாவரும் அறிவர். 2019-ஆம் ஆண்டில் 'புளூகீப்' என்னும் குறை வெளிப்பட்டபோது, பழைய விண்டோஸ் கணினிகளுட் கடவுச்சொல் இன்றியே அவ்வழிப் புகக்கூடும் என்று பலரும் அஞ்சினர். ஒரு கட்டுரைக்காக வீட்டுக் கதவையே பெயர்ப்பதோ?

ஆதலின் அன்னையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். கணினி உறங்கிக் கிடந்தது; உறங்கும் கணினி எவ்வழைப்பிற்கும் விடை கூறாது. அதனை எழுப்பச் செய்து, குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பின் உதவிப் பக்கத்தைத் திறப்பித்து, வேண்டிய சிறு செயலியையும் நிறுவச் செய்தேன். திரையிற் பன்னிரண்டு இலக்க எண் தோன்றியது. அஃது ஒருமுறையே செல்லும். ஐந்து நிமிடத்திற் காலாவதியாகும். "விரைந்து படியுங்கள், அம்மா" என்றேன்.

அவர் படித்தாரில்லை. "தம்பி, சென்ற மாதம் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனும் இப்படித்தான் எண் கேட்டான். குரலை மட்டும் நம்பி நான் சொல்லமாட்டேன். போனை வை, உன் எண்ணுக்கு நானே அழைக்கிறேன்" என்று தொடர்பைத் துண்டித்தார்.

எண் காலாவதியாயிற்று, எனக்குச் சினமும் மூண்டது. சிறிது நேரத்தில் அவரே அழைத்தார். புதிய எண்ணைப் பெற்று ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். இணைப்பிற்கு இசைவா என்று திரை வினவியபோது, இசைவையும் அவர் கையே அளித்தது. கட்டுரையைத் தேடியெடுத்து என் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டேன்.

நள்ளிரவில் அதனைப் படித்துத் திருத்துங்கால் நாணினேன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் பிழையைப் பத்துப் பக்கம் எழுதிய யான், என்னை ஆராய்ந்த அன்னையாரைச் சினந்தேன்! கட்டுரை உரிய வேளையிற் சேர்ந்தது. அச்சினத்திற்காக அன்னையாரிடம் மன்னிப்பு வேண்டுதல் மட்டும் இன்னும் எஞ்சியுள்ளது. அதனைத் தொலைவிலிருந்து செய்ய மனம் ஒப்பவில்லை, விடுமுறைக்குக் காத்திருக்கின்றேன்.