எங்கள் வீட்டுக் கணினியும் ஒரு புதிய ஹார்ட் டிஸ்க்கும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'இளைஞர்களும் நாட்டின் எதிர்காலமும்' என்று எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் பேனா ஓடவில்லை. சரி, தெரிந்ததை எழுதுவோம் என்று, போன தை மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். அம்மா களையெடுப்புக்குப் போவார். அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். எங்கள் வகையறாவிலேயே பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ரேஷன் கார்டில் பெயர் தப்பாயிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'படிக்கிற பிள்ளைக்குத் தெரியாதா?' என்பார் அம்மா. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2019ஆம் ஆண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அங்கிருந்த கணினி ஒன்றை அப்பா தவணையில் வாங்கி, நெல் மூட்டை மாதிரி தோளில் வைத்துத் தூக்கிவந்தார். கோர் 2 டுயோ, 2 ஜி.பி. ராம், 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். எனக்காக வாங்கியது. ஆனால் அதை உண்மையாகப் பயன்படுத்தியவள் அக்காதான். ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றபோது தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டவள் அவள். வீட்டிலேயே மனு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்று அடித்துக் கொடுத்து, என் பஸ் பாஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் காசு தந்தது அவள் விரல்கள்தான்.

போன தை மாதம் அந்தப் பெட்டிக்குள் 'டிக்... டிக்... டிக்...' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு ஃபைலைத் திறக்கப் பத்து நிமிஷம் ஆனது. அக்கா என்னைப் பார்த்தாள். "புது ஹார்ட் டிஸ்க் போட்டுடலாம்க்கா, சின்ன வேலைதான்" என்றேன்.

நண்பர்களே, இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், அதுவரை ஒரு கேபினெட்டைக்கூடத் திறந்ததில்லை! லேபில் ஒரு சிஸ்டத்துக்கு நாலு பேர். ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் அடுத்தவன் கையில்தான் இருக்கும்.

மறுநாள் எங்கள் லேப் சாரிடம் போய் நின்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 தடவை, அதாவது விநாடிக்கு 120 தடவை சுழலும். படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கும். படிக்க முடியாமல் முனை திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே போய்வந்தால் வரும் சத்தம்தான் அந்த 'டிக் டிக்'. "அது சாகப்போற டிஸ்க்டா. சோதிக்கிறேன், சரி பண்றேன்னு ஓட்டிக்கிட்டே இருக்காதே. கழட்டி வை. புதுசுல மட்டும் சிஸ்டம் ஏத்து. அப்புறம் பழசை மாட்டி, ஒரே தடவையில முக்கியமானதை முதல்ல காப்பி எடு" என்றார்.

அக்கா தன் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்தாள். அதே காசுக்கு எஸ்.எஸ்.டி. வாங்கினால் பாதி இடம்தான் கிடைக்கும் என்றார் கடைக்காரர். எங்களுக்கு வேகத்தைவிட இடம் முக்கியம் என்று 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கே வாங்கினேன். லேபில் மாட்டிப் பார்த்தால் விண்டோஸில் 465 என்று காட்டியது! வீட்டில் சொன்னதும் அம்மா, "முப்பத்தஞ்சு குறைச்சிட்டானா? போய்க் கேளுடா" என்று கிளம்பச் சொன்னார். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது, சரக்கு ஒன்றுதான் என்று விளக்கினேன். அப்பா சிரித்துக்கொண்டே, "அட, சின்னப் படியில அளந்ததைப் பெரிய படியில அளந்தா எண்ணிக்கை குறையத்தானே செய்யும்" என்றார். நான் ஐந்து நிமிஷம் சொன்னதை ஆலைக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். உள்ளே ஆறு வருஷத் தூசி. பவர் சப்ளையில் சாட்டா பிளக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய நாலு பின் பிளக்கிலிருந்து மாற்றும் ஒயர் ஒன்றைக் கடையிலேயே வாங்கி வைத்திருந்தேன். புது டிஸ்க்கை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். எல் வடிவக் கனெக்டர் ஒரு பக்கமாகத்தான் போகும். அதனால் அங்கே தப்புச் செய்ய வழியில்லை.

தப்பு வேறு இடத்தில் செய்தேன். 'எதற்கு இரண்டு தடவை கழற்றி மாட்டுவது' என்று பழைய டிஸ்க்கையும் அப்படியே மாட்டி வைத்துவிட்டேன். பயாஸில் இரண்டும் தெரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்ற ஆரம்பித்தேன். எந்த டிஸ்க்கை முழுவதும் அழித்து நிறுவ வேண்டும் என்று திரையில் கேட்டது. முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பட்டனில் மவுஸை வைத்தேன்.

"தம்பி, நில்லு. நாம வாங்கினது ஐந்நூறுதானே? இதுல 160ன்னு போட்டிருக்கே?"

அக்காதான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. அழுத்தியிருந்தால் ஆறு வருஷத்தில் அக்கா அடித்த அத்தனை ஃபைல்களும் போயிருக்கும். 2021ஆம் ஆண்டு தவறிப்போன எங்கள் அப்பத்தா சிரித்துக்கொண்டிருக்கும் ஒரே போட்டோவும் அதில்தான் இருந்தது. காப்பி என்று வேறெங்கும் கிடையாது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பவரை நிறுத்தி, பழைய டிஸ்க்கின் ஒயர்களைப் பிடுங்கினேன். சார் முதலிலேயே சொன்னதை, பயந்த பிறகுதான் செய்தேன். அப்போதுதான் அக்காவிடம், "எனக்கு இது முதல் தடவைக்கா. தெரியும்னு பொய் சொன்னேன்" என்றேன். "தெரியும்டா. உன் கை நடுங்குறதைப் பார்த்துத்தான் பின்னாடியே நின்னேன்" என்றாள்.

மதியத்துக்குள் சிஸ்டம் ஏறிவிட்டது. பழையதை மாட்டி, முதலில் அப்பத்தா போட்டோ, பிறகு அக்காவின் ஃபோல்டர்கள் என்று காப்பி எடுத்தோம். மூன்று ஃபைல்கள் மட்டும் வரவே இல்லை. மற்றவை இரவுக்குள் வந்துவிட்டன.

ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால், அய்யோ! தமிழைக் காணோம்! வரி வரியாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும். அம்மா தலையில் கை வைத்தார். ஆனால் இந்தத் தடவை நான் பதறவில்லை. அக்கா அடித்ததெல்லாம் பாமினி எழுத்துருவில். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். எழுத்துரு இல்லாத கணினி ஆங்கில விசைகளையே காட்டும். பழைய டிஸ்க்கிலிருந்து அந்த ஒரு எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டேன். மறுபடி திறந்ததும் திரை முழுக்கத் தமிழ்! அக்கா ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வராமல் போன மூன்றில் ஒரு மனுவைத் திரும்ப அடிக்க ஆரம்பித்தாள்.

நண்பர்களே, 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துக்களைத்தான் வைத்துக்கொள்ளும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் திரையில் இருந்த மூன்று இலக்க எண்ணைப் படிக்கத் தவறினேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் என்று ஊரே சொல்கிறது. அன்றைக்குப் படித்தவள் என் அக்கா.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். காப்பி எடுக்காமல் எதையும் தொடாதீர்கள். அழிக்கும் பட்டனை அழுத்துமுன் எண்ணைப் படியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று வீட்டில் சொல்லுங்கள். பின்னால் நின்று பார்க்க யாராவது வருவார்கள்.

இந்தக் கட்டுரையை மலருக்காக டைப் செய்து கொடுத்ததும் அக்காதான்.

– இரண்டாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு