விலை வைக்கப்பட்ட உடல்: 'ஒயிட் ஷேடோ' திரைப்படத்தை முன்வைத்து

நோவாஸ் தேஷே இயக்கிய 'ஒயிட் ஷேடோ', 2013ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சிறந்த அறிமுகப் படத்துக்கான 'எதிர்காலச் சிங்கம்' விருதையும் அவ்விழாவில் பெற்றது. கதைக்களம் தான்சானியா, மொழி சுவாகிலி. அல்பினிசம் எனப்படும் பிறவி நிறமிக் குறைபாட்டோடு பிறந்த அலியாஸ் என்னும் சிறுவன், தன் தந்தை கொல்லப்படுவதைக் கண்ணால் காண்கிறான். மகனையாவது காக்க வேண்டும் என்று தாய் அவனை நகரத்துக்கு, லாரி ஓட்டுநரான மாமா கோஸ்மோஸிடம் அனுப்பிவைக்கிறாள். ஹமிசி பஸிலி அலியாஸாக நடித்திருக்கிறார்.

நகரத்தில் அலியாஸ் கறுப்புக் கண்ணாடிகளும் டிவிடிகளும் கைப்பேசிகளும் விற்றுத் திரிகிறான். படத்தின் மையம் இந்தத் தெருவோர வியாபாரத்தில்தான் இருக்கிறது. கண்கூச்சத்தால் வெயிலில் நிமிர்ந்து பார்க்க இயலாதவன், வெயிலில் அலைந்து பிறருக்குக் கண்ணாடி விற்கிறான். எல்லாவற்றுக்கும் பேரம் பேசப்படும் அந்தத் தெருவில் அவனுடைய கைக்கும் காலுக்கும்கூட எங்கோ ஒரு விலை பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது. விற்பவனே சரக்காகவும் கருதப்படுகிறான் என்பதை எந்த உரையாடலின் துணையும் இன்றிப் படம் உணர்த்திவிடுகிறது.

அல்பினிசத்தின் அறிவியல் எளியது. மெலனின் என்னும் நிறமியை உடல் போதிய அளவில் உருவாக்காத மரபணு நிலை அது. தோலையும் கண்ணையும் ஒருசேரப் பாதிக்கும் வகையில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குழந்தைக்கு அது வெளிப்படும். இருவரும் தம் உடலில் அடையாளமின்றி அதைச் சுமப்பவர்களாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எனினும் பழி பெரும்பாலும் தாயின் மீதே விழுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறத்தாழ 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இந்நிலையோடு பிறக்கிறார். தான்சானியாவிலோ ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒருவர். அங்கே இவர்கள் அரிதானவர்கள் அல்லர். ஒவ்வொரு வட்டாரத்திலும் அறியப்பட்ட முகங்கள். ஆகவே கொலையாளிகள் இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அண்டைவீட்டார் ஒருவர் கைகாட்டினால் போதும்.

இக்கொலைகளைப் பற்றிய செய்திகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் 'மூடநம்பிக்கை' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகின்றன. அச்சொல் பிழையன்று; ஆனால் போதுமானதுமன்று. அல்பினிசம் உடையோரின் முழு உடல் உறுப்புத் தொகுதிக்கு 75,000 அமெரிக்க டாலர் வரை விலை கூறப்பட்டதைச் செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2009ஆம் ஆண்டு அறிக்கையொன்றில் பதிவுசெய்தது. எந்த ஏழை விவசாயியின் கையிலும் அத்தகைய பணம் இராது. வாங்குபவர் யார் என்ற கேள்வியை 'அறியாமை' என்னும் சொல் மறைத்துவிடுகிறது.

இங்கே டெபோரா பிரைசனும் சக ஆய்வாளர்களும் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை பெரிதும் துணைபுரிகிறது. வடமேற்குத் தான்சானியாவின் கொலைகளைத் தொன்மையான காட்டுமிராண்டித்தனமாகச் சித்திரித்த ஊடகப் பார்வையை அவர்கள் மறுத்தனர். தங்கமும் வைரமும் தோண்டும் சிறு சுரங்கத் தொழிலின் பெருக்கம், அத்தொழிலின் நிச்சயமின்மை, அதிர்ஷ்டத்துக்கும் பாதுகாப்புக்கும் தாயத்து தேடும் சுரங்கத் தொழிலாளர்கள், அதைப் பரிந்துரைத்து விற்கும் 'வகங்கா' எனப்படும் நாட்டு வைத்தியர்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே இக்கொலைகளுக்குக் களம் அமைத்தன என்பது அவர்களது வாதம். உலகச் சந்தைக்குச் செல்லும் தங்கத்தோடு பிணைந்த நவீன வன்முறை இது. படமும் இவ்வாதத்துக்கு நெருக்கமாகவே நிற்கிறது. சில்லறைத் தொழில்களில் தத்தளிக்கும் கோஸ்மோஸைப் போன்றோரின் பண நெருக்கடியே அலியாஸைச் சூழ்ந்திருக்கும் உலகம். அங்கே பிசாசுகளைக் காட்டிலும் கடனே மனிதரை அதிகம் ஆட்டுவிக்கிறது.

படத்தில் குறைகள் இல்லாமலில்லை. தள்ளாடும் கேமராவும் துண்டுதுண்டான காட்சித்தொடுப்பும் சில இடங்களில் அச்சத்தை அனுபவமாக்குவதற்கு மாறாக வேடிக்கையாக்கிவிடுகின்றன. வெளியிலிருந்து வந்த இயக்குநர் ஆப்பிரிக்கக் கிராமத்தின் இரவைப் படமாக்கும்போது எழும் பழைய ஐயமும் முற்றிலும் அகலவில்லை. ஆயினும் சலும் என்னும் சிறுவனோடு அலியாஸ் கொள்ளும் நட்பும், மாமன் மகள் அன்டுவானெட்டின் மீது அவனுக்கு உண்டாகும் காதலும் அவனை வெறும் பலியாள் ஆகாமல் காக்கின்றன. அவன் ஆசைப்படுகிறான், சிரிக்கிறான், பேரம் பேசுகிறான். அவனுடைய வாழ்வு முழுமையாக நம்முன் நிற்பதனால்தான் அதற்கு நேரும் ஆபத்தும் உறைக்கிறது.

படத்துக்கு வெளியே சட்டமும் அரசும் அசைந்திருக்கின்றன. 2008இல் அல்பினிசம் உடைய அல்ஷைமா குவெகிர் தான்சானிய நாடாளுமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 2010இல் சலும் பர்வானி தேர்தலில் வென்று உறுப்பினரானார். ஜூன் 13ஐப் பன்னாட்டு அல்பினிச விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. ஆயினும் பாதுகாப்பின் பெயரால் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு மதில்களுக்குள் வளர்ந்தனர். வெட்டுக்கத்திக்குத் தப்பியவர்களையும் வெயில் விடுவதில்லை. தோல் புற்றுநோய் அங்கே பலரை இளமையிலேயே கொண்டுபோகிறது. அகன்ற தொப்பியும் சூரியக் காப்புக் களிம்பும் கரும்பலகைக்கு அருகில் ஓர் இருக்கையும் பெரிய செலவுகள் அல்ல. ஓர் உடலைப் பெறப் பெருந்தொகை கைமாறும் இடத்தில், அதே உடலைக் காக்கும் களிம்புக்குப் பணம் இல்லை என்று சொல்லப்படுவதைத்தான் ஆய்வுலகம் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

வகுப்பறைகளில் இப்படத்தைத் திரையிடுவோர் பிரைசன் குழுவினரின் கட்டுரையையும் உடன் வாசிக்கச் செய்வது நலம். இல்லையேல் மாணவர்கள் 'அவர்களுடைய' அறியாமைக்காக இரங்கிவிட்டு எழுந்து சென்றுவிடக்கூடும்.