குலுக்கையும் கலுங்கும்

உணவைப் பற்றி இரண்டு அறிவுரைகள் நமக்குச் சிறுவயது முதலே சொல்லப்பட்டு வருகின்றன. நாளைக்கென்று சேர்த்து வை என்பது ஒன்று. அன்றன்று ஆக்கியதை அன்றன்றே உண், எதையும் வீணாக்காதே என்பது மற்றொன்று. இரண்டும் நல்லோர் சொற்களே. ஆயினும், சேர்த்து வைப்பவர் வீட்டில்தான் உணவு கெடுகிறது. அன்றாடம் வாங்கி உண்பவர் வீட்டில்தான் இடர் வந்த நாளில் அடுப்பு அணைகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்னும் வினாவுக்கு எங்கள் குடும்பம் விடை கற்றுக்கொண்ட வரலாற்றை இம்மலரின் வாயிலாக மாணவர்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அதில் பெருமைப்படத் தக்கதும் உண்டு; நாணத் தக்கதும் உண்டு.

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலம் கடந்து பேரையூர் செல்லும் வழியில் விரிந்து கிடக்கும் கரிசல் வெளியில் எங்கள் நன்னியின் வீடு இருந்தது. பெரியாற்று அணையின் நீர் 1895 முதல் மேலூர்ப் பக்கத்து வயல்களை நனைத்து வருகிறது. எங்கள் ஊர்க் கரிசலுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஒரே ஒரு வெள்ளாமை. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி ஆகியவையே விளைவு. மழை பொய்த்தால் அடுத்த மழை வரை ஓராண்டுக் காலம் காத்திருக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தை நன்னி கண்டவரல்லர். கண்டவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்களின் மடியில் வளர்ந்தவர். எனவே சேமிப்பு அவருக்குப் பேராசையன்று, மரபாக வந்த எச்சரிக்கை.

அவ்வீட்டின் நடுக்கூடத்தில் ஆளுயரக் குலுக்கை ஒன்று நின்றது. களிமண்ணை வைக்கோலோடு பிசைந்து, வட்டம் வட்டமாக அடுக்கி, வெயிலில் காயவைத்துச் செய்தது. நெல் விளையும் ஊர்களில் குதிர் என்று வழங்குவதும் இதன் இனமே. குலுக்கையின் மேலே தானியம் கொட்டுவதற்கு அகன்ற வாய். கீழே அடியை ஒட்டிக் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளையைத் துணிப்பந்தால் அடைத்திருப்பார்கள். புதுத் தானியம் மேலே விழும். சமையலுக்கு வேண்டியது கீழே வழியும். முன் வந்தது முன் செல்லும். பின் வந்தது தன் முறைக்குக் காத்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத நன்னிக்கு எது பழையது, எது புதியது என்று குறித்து வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. அந்தக் கணக்கைக் குலுக்கையே பார்த்துக்கொண்டது.

அறுவடை முடிந்ததும் தானியத்தைப் பல நாள் வெயிலில் உலர்த்தி, பல்லால் கடித்துப் பார்ப்பார். 'டக்' என்று முறிந்தால்தான் குலுக்கைக்குள் போகும். நெல்லின் ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இருந்தால்தான் கெடாது என்று இன்றைய வேளாண் அறிவியல் கூறுவதை அவர் பல்லால் அறிந்திருந்தார். உள்ளே நொச்சி இலையும் வேப்பிலையும் இடுவார். குதிரைவாலியை உமியோடுதான் வைப்பார். குத்தியதை நெடுநாள் வைக்கமாட்டார். கம்பை அன்றைக்கு வேண்டிய அளவே இடிப்பார். மாவாக்கிய கம்பு சில நாள்களிலேயே கசந்துவிடும்.

இத்தனை சேமித்தவர், காத்திருக்க இயலாத உணவைக் காக்க வைக்க முயன்றதே இல்லை. மழைக்காலத்தில் கரிசலில் தானே படரும் அதலைக்காய் பறித்த ஓரிரு நாள்களில் வெடித்துக் கெட்டுவிடும். அது வீட்டுக்கு வந்த அன்றே அடுப்பேறும்; மிகுதி அப்போதே பக்கத்து வீடுகளுக்குப் போகும். கீரையும் அப்படியே. இரண்டுக்கும் இடைப்பட்டவற்றுக்கு வேறொரு வழி வைத்திருந்தார். மிதுக்கங்காயும் கொத்தவரையும் வற்றலாயின. பக்ரீத் இறைச்சியில் ஒரு பகுதி உப்பும் மஞ்சளும் தடவி உப்புக்கண்டமாயிற்று. இரவில் மிஞ்சிய சோறு நீரில் ஊறி விடியலில் நீராகாரமாயிற்று. வைக்கத் தக்கது, வைக்கலாகாதது, மாற்றி வைக்கத் தக்கது என்று உணவை மூவகையாகப் பிரித்தறிந்த அந்த அறிவே அவ்வீட்டின் பெருஞ்செல்வம்.

நாங்கள் மதுரை நகருக்குக் குடிபெயர்ந்தபோது குலுக்கை எங்களோடு வரவில்லை. அதன் இடத்துக்கு மாடிப்படியின் அடியில் ஒரு மூலையும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் வந்தன. வசதி பெருகியது. ஆனால் இவ்விரண்டுக்கும் வாய் ஒன்றுதான். போடும் வழியே எடுக்கும் வழி. பின்னால் தள்ளப்பட்டது பின்னாலேயே கிடந்தது. வாடிய கீரையும் பூஞ்சை பூத்த குழம்பும் வாரந்தோறும் குப்பைக்குப் போயின. அதனை நாங்கள் ஒரு குறையாக எண்ணவே இல்லை.

2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய நாள்களில் கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளை நோக்கிச் சென்ற கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 25 கிலோ மூட்டைகளாக நான்கு மூட்டை அரிசியும், பருப்பும், மாவும் வாங்கி மாடிப்படியின் அடியில் அடுக்கினோம். அச்சம் அப்படி. ஆனால் கடைகள் முற்றிலும் மூடப்படவில்லை. எப்போது மூடுவார்களோ என்று மேலும் வாங்கினோம். புதியது முன்னே நின்றது. முன்னே நின்றதையே எடுத்து உண்டோம். முதலில் வாங்கியது சுவரோரம் உறங்கியது.

அவ்வாண்டு ரமலான் நோன்பு ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை இல்லை. கஞ்சி அண்டாவும் அடுப்பேறவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் தூக்குவாளிகளோடு நிற்கும் வரிசையில் நோன்பாளிகள் மட்டுமா நிற்பார்கள்? தெருவில் வாழும் பிற சமயத்துக் குழந்தைகளும் நிற்பார்கள். அன்று காய்ச்சியது அன்று மாலைக்குள் தீர்ந்து, அண்டா கழுவிக் கவிழ்க்கப்படும். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த தையற்கடைத் தொழிலாளி ஒருவரின் பிள்ளைகளும் ஆண்டுதோறும் அவ்வரிசையில் நிற்பவர்களே. கடை மூடியதால் அவருக்குக் கூலி இல்லை. நியாயவிலைக் கடை அரிசி மாதம் முடியும் முன்பே தீர்ந்தது. மே மாதத்தில் ஒரு நாள் அவர் மனைவி எங்கள் வாசலுக்கு வந்து, "பெரியம்மா, ஒரு படி அரிசி கைமாத்தாத் தருவீங்களா? ரேஷன் போட்டதும் திருப்பிடுறேன்" என்று கேட்டார். எங்கள் அம்மா படியைத் தலைதட்டாமல் கோபுரமாக அளந்து கொடுத்தார். நாங்களும் மனநிறைவோடு பார்த்து நின்றோம்.

ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சிப் பகுதிக்கு மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. ஜூலையில் ஒரு நாள் சுவரோர மூட்டையைப் பிரித்தோம். அரிசி அசைந்தது. அரிசி வண்டு ஒவ்வொரு மணியிலும் துளையிட்டு உள்ளே முட்டை வைத்துத் துளையை மூடிவிடும், வெளியில் தெரியாது. நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புது வண்டு மணியைக் குடைந்து வெளிவரும். மார்ச்சில் வாங்கிய மூட்டைக்குள் ஜூலைக்குள் சில தலைமுறைகள் கடந்திருந்தன. இரண்டு மூட்டை அரிசி சல்லடையாகியிருந்தது. பருப்பும் மாவும் நூலாம்படை கட்டியிருந்தன.

மொட்டைமாடியில் அரிசியைப் பரப்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி படியேறி வந்தார். கையில் ஒரு படி ரேஷன் அரிசி. கல் பொறுக்கி, புடைத்துச் சுத்தம் செய்யப்பட்ட அரிசி. பரப்பிக் கிடந்ததைக் கண்டதும் அவர் ஒரு கணம் நின்றார். எங்களால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. அவரோ ஒன்றும் கேட்கவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பாதிக்குப் பாதி நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. நாலு தண்ணி அலசி இட்லிக்கு ஊறப் போடலாம்" என்று கூறி அந்தி வரை புடைத்துக் கொடுத்தார். அம்மா அவர் கொண்டுவந்த படியைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். "கடன் கடன்தான் பெரியம்மா" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிரவு அம்மா உண்ணவில்லை. "கேட்டப்ப ஒரு படி அளந்த கை, மூட்டையைத் தூக்கிக் கொடுக்கலையே" என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டில் பசித்திருந்த அதே வாரங்களில் எங்கள் வீட்டில் வண்டு வயிறாற உண்டிருக்கிறது. இது எங்கள் அறியாமை மட்டுமன்று, பொறுப்பின்மையும் ஆகும்.

அடுத்து வந்தது ஆகஸ்ட் 1 அன்று பக்ரீத். வழக்கம்போல் இறைச்சியை மூன்று பங்காக்கினோம். எங்கள் பங்கில் உப்புக்கண்டத்துக்கென்று அம்மா ஆண்டுதோறும் ஒதுக்கும் பகுதியை அவ்வாண்டு அவர் ஒதுக்கவில்லை. அதுவும் தெருவுக்கே போயிற்று. காரணம் கேட்டபோது நபிமொழி ஒன்றை நினைவூட்டினார். ஓராண்டில் பெருநாளின்போது வறியவர் பலர் மதீனாவுக்கு வந்திருந்தனர். குர்பானி இறைச்சியை மூன்று நாள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மறு ஆண்டு அவ்வாறே செய்யலாமா என்று தோழர்கள் வினவியபோது, உண்ணுமாறும் பிறர்க்கு உண்ணக் கொடுக்குமாறும் சேமித்து வைக்குமாறும் இசைவளித்தார்கள். சென்ற ஆண்டு மக்கள் துன்பத்தில் இருந்தமையால் அவர்களுக்கு உதவும் பொருட்டே தடுத்ததாக விளக்கினார்கள். சேமிப்பு தடுக்கப்படவில்லை என்பதும், அதன் அளவு காலந்தோறும் மாறுவது என்பதும் இதனால் விளங்கும். அந்த அளவைத் தீர்மானிப்பது நம் வீட்டு மூலையின் கொள்ளளவன்று. அடுத்த வீட்டு அடுப்பே.

திருக்குர்ஆனில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைந்ததில், உண்பதற்குரிய சிறிதளவு போக, எஞ்சியதைக் கதிரோடே விட்டுவைக்குமாறு அவர்கள் அறிவுறுத்தினார்கள். மணியை உறையோடு வைத்தால் நெடுநாள் நிற்கும் என்பது நன்னியின் குலுக்கையும் அறிந்த உண்மை. பின்னர்ப் பஞ்சம் வந்தது. அவர்களைக் கிணற்றில் தள்ளிய உடன்பிறந்தோரே தானியம் வேண்டி வந்து நின்றனர்; அவர்களுக்கும் களஞ்சியம் திறந்தது. சேர்க்கும் அறிவும் திறக்கும் மனமும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தமையால்தான் அச்சேமிப்பு உயிர்களைக் காத்தது.

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் மணிமேகலையின் ஆபுத்திரன் நினைவுக்கு வருவான். அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தது நம் மதுரையில்தான். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. மழை பெய்து நாடு செழித்து, உண்ண வருவோர் இல்லாது போனபோது, அதனை வைத்துத் தன் ஒருவனுயிரை மட்டும் காப்பதற்கு அவன் உடன்படவில்லை. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். வேறு சமயம், வேறு காலம். கொடுக்கப்படாத உணவு உணவாகாது என்னும் பொருளில் வேறுபாடில்லை.

இதனை நம் மதுரைச் சமவெளியின் கண்மாய்களிலும் காணலாம். கண்மாய் நீரைச் சேர்ப்பதற்கென்றே வெட்டப்பட்டது. ஆயினும் அதற்கு மடை உண்டு, கலுங்கும் உண்டு. மடை தன் வயலுக்கு நீர் விடும். நிறைந்து மிகும் நீரைக் கலுங்கு அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அனுப்பும். கலுங்கு இல்லாத கண்மாயில் கரை உடையும். சேர்த்த நீரும் போகும், ஊரும் போகும். குலுக்கையின் கீழ்த்துளை மடையைப் போன்றது; பழையதை முதலில் நம் தட்டுக்குக் கொண்டுவருவது. அதலைக்காயை அன்றே அண்டை வீட்டுக்கு அனுப்பிய நன்னியின் கை கலுங்கைப் போன்றது. எங்கள் மாடிப்படியின் அடியில் இவ்விரண்டுமே இல்லை.

இது எங்கள் ஒரு வீட்டின் குறையன்று. 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாகவும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உணவு விடுதிகளையும் கடைகளையும் குறை கூறும் நாம் நம் அடுக்களையை முதலில் நோக்குதல் வேண்டும்.

இன்று எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் எப்போதும் இருக்கும். அதற்கு மேல் இராது. மழையோ நோயோ வந்தால் அது தாங்கும். புதிய மூட்டை வந்தால் பழையது முன்னே நகர்ந்த பிறகே அது உள்ளே போகும். கீரையும் காயும் இரண்டு நாளைக்கு மேல் வாங்குவதில்லை. வியாழக்கிழமை இரவில் புதிதாக எதுவும் சமைப்பதில்லை. இருப்பதை எடுத்து உண்டு பெட்டியைத் துடைத்து வைக்கிறோம். மாதத்தின் இருபதாம் நாள் அரிசியைப் பார்த்து, மிகும் என்று தோன்றினால், கெடும் முன்பு, கேட்கும் முன்பு கொடுத்துவிடுகிறோம். கெட்ட பின் கொடுப்பது கொடையன்று; கேட்ட பின் கொடுப்பது பாதிக் கொடையே.

2021 பக்ரீத்தில் அம்மா மீண்டும் உப்புக்கண்டம் போட்டார். தையற்கடை திறந்திருந்தது, நான்கு வீடு தள்ளி அடுப்பு எரிந்தது. கொடியில் காய்ந்த உப்புக்கண்டத்தைக் கண்டு அந்தப் பெண்மணி, "இந்த வருஷம் உண்டா பெரியம்மா?" என்று கேட்டார். "உண்டு தாயி, உனக்கும் சேர்த்துத்தான்" என்றார் அம்மா.

நன்னியின் குலுக்கை இன்றும் கரிசல் வீட்டில் வெறுமையாக நிற்கிறது. அதனைப் பெயர்த்து நகருக்குக் கொண்டுவர இயலாது. அதன் கீழ்த்துளையை மட்டும் மனத்தில் கொண்டுவந்திருக்கிறோம். மாணவச் செல்வங்கள் நாளை இல்லறம் அமைக்கும்போது எவ்வளவு சேர்ப்பது என்று எண்ணுமுன், சேர்த்தது எவ்வழியே வெளிச்செல்லும் என்று எண்ணுவார்களாக. உண்பதிலும் வைப்பதிலும் வழங்குவதிலும் நடுநிலை வழுவாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.