சிவப்பு மையில் எழுதாதீங்க!

ஒரு சின்ன கேள்வி. குரூப் டிஸ்கஷனில் மனசுக்குள் ஓடுகிற தமிழை நீங்க இங்கிலீஷாக மாற்றி முடிப்பதற்குள், பக்கத்தில் இருப்பவன் அதையே பேசி முடித்துக் கைதட்டல் வாங்கிவிடுகிற கொடுமை உங்களுக்கு நடந்திருக்கா? நடந்திருந்தால் கையைக் கொடுங்க. நானும் உங்க கட்சிதான்!

ப்ளஸ் டூ வரைக்கும் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் தமிழ் மீடியம். ஏதோ தைரியத்தில் காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் எடுத்துட்டேன். முதல் செமஸ்டர் முழுக்க கடைசி பெஞ்ச். மேடம் கண்ணில் படாமல் இருக்க முன்னால் இருக்கிறவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த நாட்கள் ஏராளம். அப்படிப்பட்ட நான் பி.எட். முடித்து, 2018-ல் ஃப்ளைட் ஏறிப் போனது எதுக்குத் தெரியுமா? தென் கொரியாவில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க! சிரிக்காதீங்க பாஸ், நிஜம்.

ரொம்ப வருஷமாக அங்கே இங்கிலீஷ் டீச்சர் விசா என்றால் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மாதிரி ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். 2010-ல் இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு, ஆசிரியர் தகுதியுள்ள இந்தியர்களும் உதவி ஆசிரியராகப் போகலாம் என்று கதவு லேசாகத் திறந்தது. அந்த இடுக்கு வழியாக நுழைந்த ஆள் நான்.

எனக்குக் கிடைத்த ஊர் பொசோங். சியோலிலிருந்து பஸ்ஸில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், தெற்கே. மலைச்சரிவு முழுக்க வரி வரியாகப் பச்சைத் தேயிலை. ஸ்கூலில் தனி ரூம் இல்லாததால் ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்க வைத்தார்கள். அப்பா, அம்மா, ஆறாம் வகுப்புப் பையன், எழுபத்தெட்டு வயசுப் பாட்டி. அவ்வளவுதான் குடும்பம்.

அந்தப் பையன் அவன் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிட்டதும் நான் திரும்பிப் பார்த்துட்டேன். ஆமாம், கொரிய மொழியிலும் அப்பா, அப்பாதான். அம்மாவுக்கு 'ஒம்மா'. காலையில் என்னைப் பார்த்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, 'பாப் மொகொஸ்ஸோ?' 'சோறு சாப்பிட்டியா?' என்று அர்த்தம். எங்க ஆயா கேட்கிற அதே கேள்வி, அதே தொனி!

ஆனா, சொதப்பலுக்கும் குறைவில்லை. முதல் நாள் சாப்பிடும்போது, கையில் வழுக்கிக்கொண்டே இருந்த சாப்ஸ்டிக்கை என்ன செய்வதென்று தெரியாமல் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தேன். பாட்டி பட்டென்று பிடுங்கிப் படுக்க வைத்தார். செத்தவங்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படிக் குத்துவாங்களாம்.

அடுத்தது இன்னும் பெரிய சொதப்பல். ஒரு சார்ட் பேப்பரில் எல்லோர் பெயரையும் தமிழிலும் கொரிய எழுத்திலும் அழகாக எழுதி நீட்டினேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில்! ஒரு நிமிஷம் வீடே கப்சிப். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அங்கே சிவப்பில் எழுத மாட்டார்கள். அது இறந்தவர்களுக்கான நிறம். எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. பாட்டிதான் ஒரு சிரிப்பு சிரித்து, பையனிடம் ஏதோ சொன்னார். அவன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் புரியவைத்தான்: "படிக்கத் தெரியாதவளுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன?"

அப்போதுதான் தெரிந்தது, பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நாலாவது வாரம். ராத்திரி சாப்பிடும்போது பையன் வெகுளியாக ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தான். "நம்ம ஸ்கூலுக்கு ஏன் உண்மையான இங்கிலீஷ் டீச்சர் வரலைன்னு ஒரு ஆன்ட்டி கேட்டாங்க." எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி பெஞ்ச், முன்னால் இருந்தவள் முதுகு... எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. மறுநாள் கிளாஸில் நான் வாயே திறக்கலை. பாடப் புத்தகத்தோடு வந்த சி.டி.யைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அதற்கடுத்த நாளும் அதேதான். ராத்திரி பெட்டியை எடுத்து, மடித்து வைக்காத துணியைக்கூட உள்ளே திணிச்சேன்.

அந்த நேரம் பார்த்துப் பாட்டி ஒரு நோட்டோடு ரூமுக்குள் வந்தார். சூடான தரையில் (அங்கே வீட்டுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும், குளிருக்குத் தரையே அடுப்பு மாதிரி கதகதன்னு இருக்கும்) சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊர்ப் பொதுக்கூடத்தில் பாட்டிகளுக்காக நடக்கும் எழுத்து வகுப்பின் வீட்டுப்பாடம். தன் பெயரை இருபது தடவை எழுதியிருந்தார். சரி பார்க்கணுமாம். நானா? வந்து ஒரு மாசம் ஆன நானா?

கொரிய எழுத்து கஷ்டமில்லை. சேஜோங் என்ற ராஜா, சாதாரண ஜனங்களும் படிக்கணும் என்று 1443-ல் உருவாக்கி, 1446-ல் அறிவித்த எழுத்து அது. இன்றைக்கு அடிப்படை எழுத்துக்கள் 24 மட்டும்தான். சொல்லும்போது நாக்கும் உதடும் எப்படி இருக்குமோ, அந்த வடிவத்தை வைத்தே மெய்யெழுத்துக்களைச் செய்திருக்கிறார்கள். நானே ஒரு வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். அவ்வளவு சுலபமான எழுத்து, பாட்டி கைக்கு வந்து சேர எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கு. 1950-ல் போர் வந்தபோது அவருக்குப் பத்து வயசு. அண்ணன்கள் ஸ்கூலுக்குப் போனாங்க. இவர் தம்பியை முதுகில் கட்டிக்கிட்டு வயலுக்குப் போனார்.

இருபதில் ஏழு தப்பு. எப்படிச் சொல்வது என்று நான் முழிச்சேன். பாட்டியே ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது தப்பா? இது?" என்று கேட்டார். கேட்டுட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். வெட்கம், கூச்சம், ஒண்ணும் இல்லை!

பெட்டியை மறுபடி பிரிச்சேன்.

அடுத்த நாள் சி.டி.யை ஆஃப் பண்ணிட்டு, பாட்டியிடம் கற்ற கொரிய மொழியில் பேச ஆரம்பிச்சேன். கிளாஸே உருண்டு புரண்டு சிரித்தது. தப்பு தப்பாகப் பேசினேன், அதுவும் அச்சு அசல் ஜொல்லா கிராமத்துப் பாட்டி பாஷையில்! அந்தப் பக்கத்தில் 'கொஷிகி' என்று ஒரு வார்த்தை உண்டு. பேர் ஞாபகம் வராத எல்லாத்துக்கும் நாம 'அது... அதான்'னு இழுப்போமே, அது மாதிரி. அதை வைத்தே பாதி வகுப்பை ஓட்டினேன். கடைசியில் ஒரு டீல் போட்டோம். "நான் கொரியன்ல தப்பு பண்றேன். நீங்க இங்கிலீஷ்ல தப்பு பண்ணுங்க. யாரும் யாரையும் கேலி பண்ணக் கூடாது. சேர்ந்து சிரிக்கலாம்."

பசங்க பேச ஆரம்பிச்சாங்க. அப்போதுதான் எனக்கு ஒரு உண்மை உறைச்சது. அவங்க பண்ணின தப்பெல்லாம் எனக்கு ஏற்கெனவே பழக்கம்! கொரிய மொழியிலும் நம்ம தமிழ் மாதிரி வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'நானுன் பாபுல் மொகொஸ்ஸோயோ' என்றால் 'நான் சோறு சாப்பிட்டேன்'. வரிசை அப்படியே நம்ம வரிசை. அதனால அவங்களும் 'ஐ ரைஸ் ஏட்' என்றார்கள். 'ஏ', 'தி' எல்லாம் அவங்க மொழியிலும் கிடையாது, நம்ம மொழியிலும் கிடையாது. 'எஃப்' சத்தம் அவங்களுக்கு வராது, காபி அங்கே 'கொப்பி'. எங்க ஆயாவுக்கு 'காப்பி'!

பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுகிறவருக்கு அது தப்பு என்று தெரியும். ஏன் தப்பு வருது என்று எனக்குத் தெரியும். ஏன்னா, அதே தப்பைப் பண்ணி, அதிலிருந்து வெளியே வந்தவள் நான். எதை நினைத்துக் கூனிக் குறுகினேனோ, அதுதான் அந்த வேலைக்கு என் தகுதி!

அதோட சிவப்புப் பேனாவையும் தூக்கிப் போட்டேன். திருத்தம் எல்லாம் பென்சிலில்தான்.

2019-ல் நான் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் பாட்டி ஒரு கவரைக் கையில் திணிச்சார். மேலே அவரே எழுதியது: 'ஊரி சொன்செங்நிம்'. கடைசி எழுத்துக்கு அடியில் வர வேண்டிய 'ம்' மிஸ்ஸிங். கொரியர்கள் 'என் அம்மா' என்று சொல்வதில்லை. நம்மைப் போலவே 'எங்க அம்மா'. அந்த 'எங்க'தான் 'ஊரி'. எங்க டீச்சர்!

நான் திருத்தலை. பாட்டி என் முகத்தைப் பார்த்துட்டுச் சொன்னார், "நீலப் பேனாதான் டீச்சரம்மா, பயப்படாதே."

ஃப்ரெண்ட்ஸ், நாளைக்கே செமினார் இருக்கலாம், இன்டர்வியூ இருக்கலாம். இலக்கணம் தப்பலாம், வார்த்தை சிக்கலாம், யாராவது சிரிக்கவும் செய்யலாம். சிரிக்கட்டும். பென்சிலால் திருத்திக்கலாம். ஆனா, வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உங்க பெயரை நீங்களே சிவப்பு மையில் மட்டும் எழுதிடாதீங்க!